பால்ரூம் நடனமும் வெள்ளித்திரையும்

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நம் பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்தார் 'ஷல் வி டான்ஸ்?' என்னும் ஜப்பானியப் படத்தைக் காட்டினர். மசாயுகி சூவோ என்பவர் 1996-இல் எடுத்த படம் அது. படம் முடிந்து, விடுதி மெஸ்ஸில் ஆறிப்போன சப்பாத்தியின் முன் நம் சங்கத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் அமர்ந்தோம். பேச்சு சூடாகத்தான் இருந்தது.

"எல்லாம் சரி ஐயா! நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கணக்கர், மாலையில் அலுவலகம் விட்டதும் நடனப்பள்ளிக்குப் போகிறார், ஆடுகிறார், போட்டியிலும் நிற்கிறார். இது நடக்கக்கூடியதா? எல்லாம் சினிமா!" என்றார் ஒருவர்.

"சினிமாவில் போய் உண்மையைத் தேடுகிறீரே! உண்மை வேண்டுமானால் நூலகத்துக்குப் போம்!" என்றார் மற்றொருவர். எல்லோரும் சிரித்தனர்.

நான் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. அப்போது நானே வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், நகரத்தில் ஒரு நடன வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடுதியில் ஒருவருக்கும் அது தெரியாது. அன்று சொல்லாமல் விட்ட விடையை இன்று இந்த மலரில் எழுதுகிறேன்.

இந்த நடனம் எத்தகையது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். ஆணும் பெண்ணும் கைகோத்து மனம்போனபடி சுற்றுவதே பால்ரூம் நடனம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பெரும்பிழை. போட்டிகளில் ஆடப்படுவன பத்து நடனங்கள். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என ஐந்து ஒரு பிரிவு. சா சா சா, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என ஐந்து லத்தீன் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் கால் வைக்கும் முறை உண்டு. தாள வேகம் உண்டு. உடல் நிற்கும் நிலை உண்டு. வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தனம் என்றால், வியன்னா வால்ட்ஸுக்கு 58 முதல் 60. தளத்தில் எல்லா ஜோடிகளும் இடஞ்சுழியாகவே நகர வேண்டும். இந்த இலக்கணத்தை 1920-களில் வகுத்தவர்கள் ஆங்கில நடன ஆசிரியர்கள். 1904-இல் லண்டனில் தோன்றிய இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் 1924-இல் பால்ரூமுக்கெனத் தனிக் கிளை கண்டது. பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில் 1920-இல் தொடங்கிய நடன விழாதான் இன்றும் இக்கலைஞர்களின் காசி. அங்கே ஒருமுறை ஆடிவிட வேண்டும் என்பது அவர்கள் வாழ்நாள் ஆசை.

இத்துணை இலக்கணம் உடைய ஒரு கலையைத் திரைப்படம் எப்படிக் காட்டுகிறது?

போட்டிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். படத்தில் நாம் காண்பது என்ன? விளக்குகள் மங்கும். ஓர் ஒளிவட்டம் நாயகன் நாயகி மேல் மட்டும் விழும். அவர்களுக்கென்றே இயற்றியது போல ஒரு பாட்டு எழும். மற்ற ஜோடிகள் விலகி வழிவிடுவார்கள். மக்கள் எழுந்து கைதட்ட, நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வெற்றி!

உண்மை வேறு. இறுதிச் சுற்றில் வழக்கமாக ஆறு ஜோடிகள். ஆறும் ஒரே நேரத்தில், ஒரே தளத்தில், ஒரே இசைக்கு ஆடும். எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பது ஆடுவோருக்கு முன்கூட்டித் தெரியாது. நடனத்தின் பெயர் மட்டும் தெரியும். இசை ஒலிப்பது ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அதற்குள் நடுவர் ஆறு ஜோடிகளையும் பார்த்து வரிசைப்படுத்தியாக வேண்டும். இரண்டு நிமிடத்தை ஆறால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஜோடிக்குக் கிடைப்பது இருபது வினாடி! தொடக்கச் சுற்றுகளிலோ மதிப்பெண்ணே இல்லை. அடுத்த சுற்றுக்கு வரவேண்டிய ஜோடியின் எண்ணுக்கு நேரே நடுவர் ஒரு குறி இடுவார். அந்த எண் ஆடவனின் முதுகில் குத்தியிருக்கும். இறுதியில் முதலிடம் யாருக்கு என்பதை நடுவர்களில் பெரும்பான்மையோர் தந்த இடத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 'ஸ்கேட்டிங் முறை' என்று அதற்குப் பெயர். 1937 முதல் வழங்கி வருகிறது. மக்களின் கைதட்டலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆறு ஜோடிகள் ஒரே தளத்தில் விரையும்போது மோதாமல் ஆடுவதே ஒரு தனிக்கலை. ஒளிவட்டத்தில் ஒற்றை ஜோடியைக் காட்டும் படம் அந்தக் கலையை அடியோடு அழித்துவிடுகிறது. பேருந்து நெரிசலில் சைக்கிள் ஓட்டுபவனின் திறமையை வெற்று மைதானத்தில் காட்ட முடியுமா?

அடுத்தது, கற்கும் காலம். 1987-இல் வந்த 'டர்ட்டி டான்சிங்' என்னும் அமெரிக்கப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கதை 1963-ஆம் ஆண்டில், ஒரு மலைவாச விடுதியில் நிகழ்கிறது. நடனமே அறியாத ஒரு மருத்துவரின் மகள், வேறொரு பெண்ணுக்குப் பதிலாக மேடையேற வேண்டிச் சில நாட்களில் மாம்போ கற்றுக்கொள்கிறாள். சில நாட்களில்! என் கதையைக் கேளுங்கள். வகுப்பில் முதல் நான்கு வாரமும் எனக்குக் கற்றுத் தந்தது நடை. ஆம், வெறும் நடை! முன்னால் போகும்போது குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். முழங்கால் விறைக்கக் கூடாது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தில் உடல் தள்ளாடக் கூடாது. இருபது ஆண்டுகளாக நடந்து பழகியவன் என்றுதான் என்னை எண்ணியிருந்தேன். எனக்கு நடக்கவே தெரியாது என்பதை அந்த நான்கு வாரத்தில் அறிந்தேன்.

ஆயினும் அந்தப் படத்தை முற்றும் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். அந்தப் பெண் முதன்முறை மேடையேறும்போது தடுமாறுகிறாள். அவளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டிய இடத்தில் அஞ்சிப் பின்வாங்கிவிடுகிறாள். அது உண்மை. விடுதிக்கு வரும் செல்வர்களுக்கு நடனம் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே செல்வர்களின் கண்ணில் வேலைக்காரர்களாகவே இருக்கிறார்கள். அதுவும் உண்மை. காலைப் பற்றிப் பொய் சொன்ன படம், காசைப் பற்றி உண்மை சொல்லியிருக்கிறது.

கால் என்றதும் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு சொல். ஃப்ரெட் அஸ்டேர் என்ற பெருங்கலைஞர், தம் உடல் முழுவதும், தலை முதல் பாதம் வரை, காட்சிச் சட்டத்துக்குள் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தியவர். இடையில் வெட்டாமல் நீளமாகப் படம் எடுக்கச் சொல்வார். அவரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் 1936-இல் நடித்த 'ஸ்விங் டைம்' படத்தில் ஒரு நடனத்தை மீண்டும் மீண்டும் ஆடிப் படமாக்கியதில், அந்த அம்மையாரின் காலணிக்குள் குருதி கசிந்தது என்பர். இன்றைய படங்களிலோ ஒரு கணம் முகம், ஒரு கணம் இடுப்பு, ஒரு கணம் பறக்கும் பாவாடை! கால் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவரையும் கத்தரிக்கோல் ஆடவைத்துவிடும். அஸ்டேர் ஆடியது போட்டி நடனம் அன்று, பொழுதுபோக்கு நடனம்தான். ஆனால் ஆடலை மறைக்காமல் காட்டினார். உண்மைக்கு அது போதும்.

இனி, மிகைப்படுத்தியே உண்மையைச் சொன்ன ஒரு படம். ஆஸ்திரேலியரான பாஸ் லூர்மன் 1992-இல் எடுத்த 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்'. லூர்மனின் தாயார் ஒரு பால்ரூம் நடன ஆசிரியை. அவரும் சிறுவயதில் இந்நடனம் ஆடியவர். வீட்டுக்குள்ளிருந்தே எழுதிய நையாண்டி அது. முகம் கொள்ளாப் பூச்சு, மின்னும் சரிகை, உதட்டில் ஒட்டிவைத்த புன்னகை, பிள்ளையின் வெற்றிக்காகவே மூச்சுவிடும் தாய், கிண்ணங்களும் பதவியும் காத்துக் கிடக்கும் சங்கத் தலைவர் என எல்லாமே கேலிச்சித்திரம்தான். ஆனால் கேலிச்சித்திரக்காரன் மூக்கை நீட்டி வரைவது, அங்கே மூக்கு இருப்பதால்தானே!

படத்தின் நாயகன் சங்கம் ஏற்காத புதிய அடிகளை ஆடத் துணிகிறான்; தலைவர் தடுக்கிறார். முடிவில் இசையையே நிறுத்திவிடுகிறார்கள். மக்கள் கைதட்டும் தாளத்துக்கு அவன் ஆடுகிறான். பார்த்த நமக்கு மெய்சிலிர்க்கிறது. மரபு என்றால் சிறை, மீறல் என்றால் விடுதலை என்று எண்ணிக்கொண்டு வெளியே வருகிறோம். இங்கேதான் நான் அந்தப் படத்தோடு வேறுபடுகிறேன். அடிகளுக்கு வரம்பு கட்டுவது பெரும்பாலும் தொடக்க நிலையினருக்கே. உயர்நிலையில் ஆடுவோர் தத்தம் கோவையைத் தாமே அமைத்துக்கொள்கிறார்கள். தவிர, வகுத்த அடிகள் எதற்காக? முன்பின் அறியாத இருவர், ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத இருவர், ஒரு வார்த்தையும் பேசாமல் சேர்ந்து ஆடுவதற்காக. என் வகுப்பில் எனக்கு வாய்த்த துணை, பணி ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. அவர் தாய்மொழி எனக்குத் தெரியாது. என் தமிழ் அவருக்குத் தெரியாது. ஆயினும் வால்ட்ஸின் மூன்று தாளத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம். இலக்கணம் மொழிக்கு விலங்கு அன்று. அது இல்லையேல் இருவர் உரையாடவே முடியாது. தமிழ் படித்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

மீண்டும் அந்த ஜப்பானியப் படத்துக்கு வருவோம். நான் பார்த்தவற்றுள் உண்மைக்கு மிக அருகில் நிற்பது அதுவே. கணக்கர் சுகியாமா, வீடு திரும்பும் ரயிலிலிருந்து ஒரு நடனப்பள்ளியின் சன்னலில் ஒரு பெண் நிற்பதைக் காண்கிறார். அவளுக்காகவே உள்ளே நுழைகிறார்; நடனத்துக்காகவே அங்கே தங்கிவிடுகிறார். அலுவலக மேசைக்கு அடியில் அவர் கால்கள் தாமாகப் பயிற்சி செய்கின்றன. ரயிலடியில் நின்றபடி அடி பழகுகிறார். அந்தக் காட்சியில் அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூலக மாடிப்படியில் நான் செய்துகொண்டிருந்ததும் அதுவே!

அவர் போட்டியில் வென்றாரா? இல்லை. தளத்தில் நெரிசல், மோதல், துணைவரின் ஆடை கிழிகிறது. அவருக்கு ஆசிரியையாக வரும் மை என்ற பெண்ணின் பழங்கதையும் இத்தகையதே. பிளாக்பூலில் அரையிறுதிச் சுற்றில் வேறொரு ஜோடி மோதி விழுந்தவள் அவள். துணைவன் தன்னைக் காக்கவில்லை என்ற கசப்பு அவளுக்கு. பிறகே உணர்கிறாள், தானும் அவனை நம்பி ஆடியதில்லை என்று.

எங்கள் வகுப்பு ஆசிரியர் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்த ஓர் ஆங்கிலோ-இந்தியர், எழுபதை நெருங்கியவர். அவர் ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, நீ முன்னால் நடக்கிறாய். அந்த அம்மா பின்னால் நடக்கிறார். அவருக்கு முதுகில் கண் இல்லை. அவர் கண் நீதான்." மையின் கதை எனக்கு அப்போது விளங்கியது. வேறு எந்தப் படமும் இந்த நடனத்தின் உயிர்நிலையை இவ்வளவு சரியாகத் தொட்டதாக நான் அறியேன்.

சுகியாமா தன் நடனத்தை மனைவியிடமும் மறைக்கிறார். ஏன்? ஜப்பானில் இந்நடனத்தின்மேல் ஒரு நிழல் படிந்திருந்தது. 1948-இல் இயற்றிய சட்டம் ஒன்று நடனக்கூடங்களை ஒழுக்கத்துக்கு ஊறு செய்யக்கூடிய தொழில்களோடு சேர்த்துக் காவல்துறையின் கண்காணிப்பில் வைத்திருந்தது. அந்தச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டது. பிறர் காணக் கணவனும் மனைவியும் கைகோத்து நடப்பதற்கே கூசும் நாட்டில், அயல் பெண்ணின் தோளைத் தொட்டு ஆடும் கணக்கர் வேறு என் செய்வார்? அந்தக் கூச்சமே கதையின் முதுகெலும்பு. 2004-இல் ஹாலிவுட்டார் இதே கதையைச் சிகாகோவில் நிறுத்தி, ரிச்சர்ட் கியரை நாயகனாக்கி எடுத்தனர். அங்கே அந்தக் கூச்சம் இல்லை. எனவே நாயகன் ஏன் ஒளிக்கிறான் என்பதற்கே காரணம் தேட வேண்டியதாயிற்று. அடிகள் அவையே, கதையும் அதுவே, உண்மை மட்டும் கப்பலேறும்போது கரையில் தங்கிவிட்டது.

உண்மையை இன்னும் நெருங்கிக் காண விரும்புவோர்க்கு ஆவணப்படங்கள் உள்ளன. பியர் துலேன் என்ற ஆசிரியர் 1994-இல் நியூயார்க் பள்ளிகளில் சிறுவர்களுக்கு இந்நடனம் கற்பிக்கத் தொடங்கினார். அந்தத் திட்டத்தில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வெட்கப்பட்டு, நெளிந்து, பிறகு நிமிர்வதை 'மேட் ஹாட் பால்ரூம்' (2005) காட்டுகிறது. மறு ஆண்டே அந்த ஆசிரியரின் கதையை ஆன்டோனியோ பான்டெராஸை வைத்து 'டேக் தி லீட்' என்று நாடகப்படமாக எடுத்தனர். சிறுவர்கள் முரட்டு இளைஞர்களாயினர். வால்ட்ஸோடு ஹிப்ஹாப் கலந்தது! பத்து வயதுச் சிறுவனின் வெட்கம் போதுமான நாடகம் ஆகாது என்று தயாரிப்பாளர் கருதினர் போலும். வெட்கத்தைவிடப் பெரிய நாடகம் எது?

நம் நாட்டுப் படங்கள் எப்படி? கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் ஒரு காலத்தில் இந்நடனம் செழித்தது. ரயில்வே ஊர்களின் இன்ஸ்டிடியூட்டுகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், பாட்டி முதல் பேத்தி வரை, கூடி ஆடினார்கள். ஆனால் தமிழ்ப்படமும் இந்திப்படமும் அந்தக் குடும்பக் கூடத்தை நமக்குக் காட்டியது அரிது. காட்டியதெல்லாம் 'கிளப்'. அங்கே வில்லன் கையில் மதுக்கிண்ணம், புகை, நாயகியைக் கெடுக்க ஒரு சூழ்ச்சி. ஜோடியாக ஆடுகிறவள் என்றால் ஒழுக்கம் கெட்டவள் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியாயிற்று. கற்கும் காலத்தைச் சுருக்கிக் காட்டிய பொய்யை மன்னிக்கலாம்; இந்தப் பொய்யை மன்னிப்பது கடினம். முன்னது கலையைப் பற்றிய பொய். பின்னது மனிதரைப் பற்றிய பொய்.

அந்தப் பொய் என்னையும் தொட்டது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மாவின் தொலைபேசி அழைப்பை நான் எடுப்பதில்லை. "வெள்ளிக்கிழமை ஆனா எங்கப்பா போயிடறே?" என்று கேட்டார். "இந்தி வகுப்பு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மா பார்த்து வளர்ந்த படங்கள் என் நாவைக் கட்டிவிட்டன.

சிலர் கேட்பார்கள்: படம் என்றால் கொஞ்சம் பொய் இருக்கத்தானே செய்யும் என்று. ஒப்புக்கொள்கிறேன். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் நாதசுரம் வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆயினும் அந்த விரலும் கன்னமும் மூச்சும் நம்மை நம்பவைத்தன. ஏன்? அந்தக் கலைஞர் வாழ்வின் பெருமையையும் பொறாமையையும் அந்தப் படம் மதித்தது. நடிகருக்கு ஆடத் தெரியுமா என்பது சிறிய கேள்வி. ஆடுவோரின் உழைப்பைப் படம் மதிக்கிறதா, மானத்தை மதிக்கிறதா என்பதே பெரிய கேள்வி. அந்த உரைகல்லில் தேய்த்தால் சூவோவின் படம் பொன். லூர்மனின் படம் பித்தளைப் பூச்சுக்குள் பொன். நம் கிளப் காட்சிகளோ வெறும் தகரம்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது துணிந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்த ஜப்பானியப் படத்தையும் கூடத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து வரிகளைப் படிக்க நேரம் போதவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். கணவன் எங்கே போகிறான் என்றறியத் துப்பறிபவனை அமர்த்தும் அந்த மனைவியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆடினது ஒண்ணும் தப்பில்லேப்பா. அந்தப் பொண்ணுகிட்டே ஒளிச்சாரு பாரு, அதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

நண்பர்களே, மெஸ்ஸில் எழுந்த வினாவுக்கு என் விடை இதுதான்: நடக்கும். நாற்பது வயதுக் கணக்கர் ஆடுவார், தோற்பார், மறுபடி ஆடுவார். ஒளிவட்டம் மட்டும் வராது. வரும் பருவத்தில் 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்' படத்தையும் 'மேட் ஹாட் பால்ரூம்' படத்தையும் அடுத்தடுத்துக் காட்டுமாறு திரைப்படக் கழகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். படம் வெள்ளிக்கிழமை வேண்டா. அன்று எனக்கு வகுப்பு உண்டு.